பெயர்ப் பலகையில் 1960

நீண்ட பதிவு. வீட்டில் உயர்தரப் பிள்ளை இருப்பவர்கள் நேரமெடுத்து வாசியுங்கள்.

நாங்கள் உயர்தரத்தின் கடைசி வருடத்தைப் படித்த பாடசாலையில், அதிபர் அறை வாசலுக்கு மேலே ஒரு மரப்பலகை தொங்கியது. அதிபர்களின் பெயர்களும் அவர்கள் கடமை செய்த வருடங்களும் வெள்ளை மையில் எழுதப்பட்டிருக்கும். மேலிருந்து 1960 வரை ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் அருட்தந்தை அல்லது அருட்சகோதரி. அதற்குக் கீழே திரு., திருமதி. இரண்டுக்கும் நடுவே ஒரு கோடுகூட இல்லை. பிந்தி வந்தால் அந்தப் பலகைக்குக் கீழேதான் நிறுத்துவார்கள். அதனால் எங்களில் பலருக்கு அந்தப் பெயர்கள் மனப்பாடம். ஆனால் 1960இல் என்ன நடந்தது என்று நாங்கள் கேட்கவில்லை, யாரும் சொல்லவுமில்லை.

போன மாதம் எம்பிலிப்பிட்டியவில் எங்களிடம் படிக்கும் ஒரு பிள்ளை கேட்டான்: "சேர், நீங்க படிச்சது சென் என்று பேர் தொடங்குற ஸ்கூல்தானே. அது பிரைவேட்டா?" இல்லை மகன், அரசாங்கப் பாடசாலைதான் என்றோம். "அப்ப ஏன் அந்தப் பேர்?" என்றான். வகுப்பில் இரண்டு வசனத்தில் சொல்லிவிட்டோம். முழுப் பதிலும் இதுதான்.

எம்பிலிப்பிட்டிய இரத்தினபுரி மாவட்டத்தின் தெற்கு எல்லையில் இருக்கிறது. கத்தோலிக்கத் திருச்சபையின் கணக்கில் சப்ரகமுவ முழுவதும் ஒரு காலத்தில் காலிக்குள் அடக்கம். 1893இல் பாப்பரசர் பதின்மூன்றாம் லியோ காலி மறைமாவட்டத்தை உருவாக்கி, தென் மாகாணத்தையும் சப்ரகமுவவையும் அதற்குக் கீழே வைத்தார். பொறுப்பு பெல்ஜியத்திலிருந்து வந்த இயேசு சபைத் துறவிகளுக்குக் கொடுக்கப்பட்டது. முதல் ஆயர் ஜோசப் வான் ரீத். காலி சென் அலோசியஸ் கல்லூரி 1895இல் தொடங்கியது. இரத்தினபுரியிலும் கேகாலையிலும் இன்று நாம் காணும் சென் அலோசியஸ், சென் மேரிஸ், சென் ஜோசப், கொன்வென்ட் என்ற பெயர்களெல்லாம் இந்த மிஷன் வழியில் வந்தவை. கோயில் இருந்த இடத்தில் பக்கத்திலேயே ஒரு பள்ளிக்கூடம். பெரியவை சில. எங்களுடையதைப் போல இரண்டு மூன்று கட்டடத்தோடு நின்றுவிட்டவை பல.

இவற்றுக்குச் சம்பளம் கொடுத்தது யார்? பெரும்பகுதி அரசாங்கம். 1869இல் பொதுப் போதனைத் திணைக்களம் உருவானபோது, மிஷன்கள் பாடசாலை நடத்தினால் அரசு உதவிப் பணம் தரும் என்ற முறை வலுப்பெற்றது. அவைதான் 'உதவி பெறும் பாடசாலைகள்'. கட்டடமும் முகாமையும் சபைக்கு, செலவில் பெரும்பங்கு அரசுக்கு. பிற்காலத்துச் சண்டைக்கு விதை இந்த ஏற்பாட்டிலேயே இருந்தது. எல்லோருடைய வரிப்பணத்தில் ஒரு சமயத்தவர் பள்ளிக்கூடம் நடத்தலாமா என்பது ஒரு கேள்வி. காணி வாங்கிக் கட்டடம் கட்டி உழைத்தவர்களிடமிருந்து அதைப் பறிக்கலாமா என்பது மற்றக் கேள்வி. இரண்டுமே நியாயமான கேள்விகள்.

எங்கள் மூதாதையர் அந்தப் பள்ளிக்கூடங்களின் பக்கம் அதிகம் போகவில்லை. பிள்ளை மதம் மாறிவிடும் என்ற பயம். அந்தப் பயத்தை இன்றைக்கு ஏளனம் செய்வது லேசு. ஆனால் காலையில் செபம், மாலையில் ஞானபாடம் என்றிருந்த இடத்துக்குப் பிள்ளையை அனுப்பத் தயங்கிய ஒரு வாப்பாவைக் குறை சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. அந்தத் தயக்கத்தின் விலை பெரியது என்று முதலில் உரத்துச் சொன்னவர் அறிஞர் சித்திலெப்பை. அவரும் தோழர்களும் எடுத்த முயற்சியில்தான் மருதானையில் ஸாஹிரா எழுந்தது. ஆனால் மருதானை எங்கே, சப்ரகமுவவின் கடைத்தெரு எங்கே? இங்கே சின்னக் கடை வைத்திருந்த முஸ்லிம் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு ஐந்தாம் வகுப்பே கடைசி வகுப்பாக இருந்தது. பெண் பிள்ளைகளுக்கு அதுவும் இல்லை.

கடைசி வகுப்பு என்பது எல்லோருக்கும் எட்டாத மாடியாக இருந்த காலம் அது. மேல் வகுப்புகளுக்கு ஆங்கிலமும் வேண்டும், கட்டணமும் வேண்டும். 1945 ஒக்டோபரில் சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கராவின் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தபோதுதான் அந்த மாடிக்குப் படி வைக்கப்பட்டது. உதவி பெறும் பாடசாலைகளுக்கு அன்றே ஒரு தெரிவு வந்தது: கட்டணத்தை விட்டு இலவசத் திட்டத்தில் சேருவதா, தனித்து நிற்பதா. பெரும்பாலானவை காலப்போக்கில் சேர்ந்தன. ஆனால் முகாமை இன்னும் சபைகளிடமே இருந்தது.

1956இல் அகில இலங்கை பௌத்த காங்கிரஸ் அமைத்த விசாரணைக் குழு தன் அறிக்கையை வெளியிட்டது. பௌத்தப் பிள்ளைகள் கிறிஸ்தவ முகாமைக்குக் கீழ்ப் படிக்க நேர்ந்திருக்கிறது, உதவி பெறும் பாடசாலைகளை அரசு எடுக்கவேண்டும் என்பது அதன் கோரிக்கைகளில் ஒன்று. நான்கு வருடம் கழித்து, 1960 ஜூலையில் சிறிமாவோ பண்டாரநாயக்க பிரதமரானார். கல்வி அமைச்சராக அவர் நியமித்தவர் ஒரு முஸ்லிம். கம்பளை ஸாஹிராவின் அதிபராக இருந்த பதியுதீன் மஹ்மூத்.

அந்த வருடத்து 5ஆம் இலக்கச் சட்டத்தின்படி டிசம்பர் 1 முதல் உதவி பெறும் பாடசாலைகளின் முகாமை அரசின் கைக்குப் போனது. அடுத்த வருடத்து 8ஆம் இலக்கச் சட்டம் காணியையும் கட்டடத்தையும் அரசுடைமையாக்க வழி செய்தது. நாடெங்கும் 2,500க்கும் மேற்பட்ட பாடசாலைகள் கை மாறின. கத்தோலிக்கருடையவை மட்டுமல்ல, இந்துக்கள், பௌத்தர்கள், முஸ்லிம்களின் சங்கங்கள் நடத்தியவையும் அதில் அடக்கம்.

இங்கே ஒரு நுணுக்கத்தைக் கவனியுங்கள். முதலாம், இரண்டாம் தரப் பாடசாலைகளுக்கு மட்டும் சட்டம் ஒரு வழி விட்டது. அரசின் உதவி வேண்டாம், பிள்ளைகளிடம் கட்டணமும் வாங்கமாட்டோம் என்று ஒப்புக்கொண்டால் தனியாராகத் தொடரலாம். கொழும்பிலும் பெரிய நகரங்களிலும் இருந்த பெயர்பெற்ற கத்தோலிக்கக் கல்லூரிகள் அந்தக் கஷ்டத்தை ஏற்று நின்றுபிடித்தன. பழைய மாணவர்கள் காசு சேர்த்தார்கள், பெற்றோர் நன்கொடை கொடுத்தார்கள். மூன்றாம் தரத்தில் இருந்த சிறிய பாடசாலைகளுக்கு அந்தத் தெரிவே கிடையாது. ஊர்க் கோயிலுக்குப் பக்கத்தில் நின்ற சின்னப் பள்ளிக்கூடம் டிசம்பர் முதலாம் திகதி அரசாங்கப் பாடசாலையாக விடிந்தது. பெரியது தப்பியது, சிறியது போனது. எங்கள் பலகையில் கோடு போடாமல் விட்ட இடம் அதுதான்.

கத்தோலிக்கப் பெற்றோர் சும்மா இருக்கவில்லை. பல ஊர்களில் தாய்மாரும் தந்தைமாரும் பாடசாலைகளுக்குள் போய்க் குடியிருந்தார்கள். இரவு பகலாக வகுப்பறையில் சமைத்து, படுத்து, செபமாலை சொல்லிக் காவல் இருந்தார்கள். கொழும்புப் பேராயராக அப்போது இருந்தவர் தோமஸ் கூரே. 1961 ஜனவரியில் பம்பாயிலிருந்து கர்தினால் வலேரியன் கிராசியஸ் வந்து இரு தரப்புக்கும் இடையே பேசிய பிறகுதான் பெற்றோர் வெளியேறினார்கள். இதற்குச் சற்று முன்னர்தான் கேரளத்தில் 1957ஆம் ஆண்டின் கல்வி மசோதாவை எதிர்த்துக் கத்தோலிக்கரும் மற்றவர்களும் வீதிக்கு இறங்கி, 1959இல் அந்த மாநில அரசே கலைக்கப்பட்டிருந்தது. இந்தியாவில் சிறுபான்மையினர் கல்வி நிலையங்களை நடத்தும் உரிமை அரசியலமைப்பிலேயே இருக்கிறது. அதனால் தமிழ்நாட்டில் இன்றும் அரசு சம்பளம் கொடுக்க, சபை முகாமை செய்யும் பள்ளிகள் இருக்கின்றன. எங்கள் நாட்டில் அந்த நடுவழி 1960இல் மூடப்பட்டது.

இப்போது கொஞ்சம் சங்கடமான விடயம்.

பதியுதீன் மஹ்மூத் என்ற பெயரை எங்கள் வீடுகளில் துஆவோடு சொல்வார்கள். 1970இலிருந்து 1977 வரை அவர் மீண்டும் கல்வி அமைச்சராக இருந்தார். முஸ்லிம் ஆசிரியர் நியமனங்கள், முஸ்லிம் பாடசாலைகளின் வளர்ச்சி என்று அவர் செய்ததைக் கண்ணால் கண்ட தலைமுறை அது. அதே காலத்தில் வந்த பல்கலைக்கழக அனுமதித் தரப்படுத்தலால் எத்தனை தமிழ் இளைஞர்களின் மனம் உடைந்தது என்பதை எங்கள் வீடுகளில் பேசுவதில்லை. 1960 பற்றியும் அப்படித்தான். எங்களுக்கு அது கதவு திறந்த வருடம். அரசாங்கப் பாடசாலை என்றானதும் மதமாற்றப் பயம் போய், முஸ்லிம் பெற்றோர் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு அந்த வாசல்களுக்கு வந்தார்கள். ஆனால் அந்தக் கதவைச் செய்து, நிலை வைத்து, பிணைச்சல் போட்டவர்களுக்கு அது வீடு பறிபோன வருடம். எங்களுக்குக் கிடைத்ததற்கு நன்றி சொல்லும் வாயால் அவர்கள் இழந்ததையும் சொல்லவேண்டும்.

இன்னொரு கூட்டம் இந்த இரண்டு கணக்கிலும் வரவில்லை. தோட்டத்துப் பிள்ளைகள். 1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைகள் சட்டம், தோட்டத்தில் பள்ளிக்கூடம் வைக்கும் பொறுப்பைத் துரைமாரின் தலையில் போட்டது. ஒரு கொட்டில், ஒரு வாத்தியார், பெயருக்கு ஒரு பள்ளிக்கூடம் என்பதே பல இடங்களில் நடந்தது. 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் அந்த மக்களை நாடற்றவர்களாக்கியது. 1960இல் மிஷன் பாடசாலைகளை எடுத்த அரசு, தோட்டப் பாடசாலைகளை எடுக்க 1970கள் வரை காத்திருந்தது. அதற்குள் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் குடும்பங்களைப் பிரித்துக் கப்பலேற்றத் தொடங்கிவிட்டது. இறக்குவானை, காவத்தை, பலாங்கொடைப் பக்கத் தோட்டங்களில் ஒரு பிள்ளை கடைசி வகுப்பு வரை போவதென்றால், தோட்டத்தை விட்டு நகரத்துக்கு வரவேண்டும். சில இடங்களில் அப்படி வந்த பிள்ளைக்கு இடம் கொடுத்தது கொன்வென்ட் பக்கத்து விடுதி.

எங்கள் வகுப்புக்கு வருவோம். உயர்தரக் கலைப்பிரிவு, தமிழ் மொழிமூலம், பதினொரு பேர். நாங்கள் நான்கு பேர் முஸ்லிம்கள், ஐந்து பேர் தோட்டத்திலிருந்து, இரண்டு பேர் நகரத்துக் கத்தோலிக்க வீடுகள். பெயர்ப் பலகையில் அருட்சகோதரிகள் 1960ஓடு நின்றுவிட்டாலும் வகுப்பறையில் நிற்கவில்லை. அரசாங்கச் சம்பளத்தில், வெள்ளை உடுப்போடு, ஒரு சிஸ்டர் எங்களுக்கு வரலாறு படிப்பித்தார்.

எங்கள் நால்வருக்கும் இஸ்லாமிய நாகரிகம் ஒரு பாடம். அதற்கு ஆசிரியர் இல்லை. வருவார் வருவார் என்று முதல் வருடம் போய்விட்டது. இரண்டாம் வருடத் தொடக்கத்தில் ஒரு நாள் சிஸ்டர் பாடத்திட்டத்தையும் பழைய வினாத்தாள்களையும் தூக்கிக்கொண்டு வந்தார். "எனக்குத் தெரியாது பிள்ளைகள். நீங்க வாசியுங்க, நானும் வாசிக்கிறன். விளங்காததை உங்கட பள்ளிவாசல் ஹஸ்ரத்திட்டக் கேட்டுக்கொண்டு வாங்க" என்றார். அப்படித்தான் அப்பாசியர் காலத்தைப் படித்தோம். பக்தாதில் கிரேக்க மருத்துவ நூல்களை அரபிக்குக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் ஹுனைன் இப்னு இஸ்ஹாக். அவர் ஒரு கிறிஸ்தவர். அந்தப் பக்கத்துக்கு வந்தபோது சிஸ்டர் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி எங்களைப் பார்த்துச் சிரித்தார். ஒன்றும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆவுக்கு நேரமானால் எங்களுக்கு முன்னால் அவருக்குத்தான் மணி ஞாபகம் வரும்.

பதினொரு பேரில் பரீட்சை எழுதியது ஒன்பது பேர். தோட்டத்துப் பிள்ளைகளில் ஒருவருக்குக் கொழும்பில் கடை வேலை கிடைத்துப் போய்விட்டார். மற்றவள் வகுப்பில் எங்கள் எல்லோரையும் விடக் கெட்டிக்காரி. தாய் படுக்கையில் விழுந்ததும் செக்ரோலில் இவளுடைய பெயர் விழுந்தது. கடைசித் தவணையில் ஒரு நாள், கொழுந்துச் சாக்கின் கறை படிந்த கையோடு பாடசாலைக்கு வந்து தன் குறிப்புக் கொப்பிகளை எங்களிடம் கொடுத்தாள். எங்களில் ஒருவர் பல்கலைக்கழகம் போனதில் அந்தக் கொப்பிகளுக்குப் பங்கு உண்டு. அவள் கொப்பியைக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போகும்போது நாங்கள் வாசலில் நின்று கையசைத்தோம். வேறு என்ன செய்திருக்கலாம் என்று அந்த வயதில் தெரியவில்லை. கதவு எல்லோருக்கும் திறந்திருக்கிறது என்று சொல்லும்போதெல்லாம் அவள்தான் நினைவுக்கு வருகிறாள்.

எம்பிலிப்பிட்டியவில் இருந்துகொண்டு பாடசாலையின் கடைசி வருடத்தைப் பற்றி எழுதும்போது இன்னொன்றைச் சொல்லாமல் போகமுடியாது. 1989 நடுப்பகுதியிலிருந்து 1990 தொடக்கம் வரை இந்த ஊரில் பாடசாலை மாணவர்கள் உட்பட 25க்கும் மேற்பட்டோர் கொண்டுபோகப்பட்டுக் காணாமல் ஆக்கப்பட்டார்கள். பெரும்பாலும் சிங்களப் பிள்ளைகள், உயர்தர வயதுக்காரர்கள். 1999 பெப்ரவரியில் இரத்தினபுரி மேல் நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, பத்து வருடச் சிறைத்தண்டனை பெற்றவர்களில் இராணுவத்தினரோடு ஒரு பாடசாலை அதிபரும் இருந்தார். அந்தத் தாய்மார் கொண்டுவந்த படங்களில் பல, பாடசாலைச் சீருடையில் எடுத்தவை. இந்த ஊரில் ஆசிரியராக இருப்பவர்களுக்கு அது ஒரு நாளும் மறக்கக்கூடாத பாடம். பிள்ளை ஒரு அமானிதம். அதிபர் கதிரையில் இருப்பவர் அதைக் காக்கவும் முடியும், கைவிடவும் முடியும்.

அமானிதம் என்ற சொல் எங்களைத் தைத்த நாள் ஒன்றும் உண்டு. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டிய, மட்டக்களப்பு சீயோன் ஆலயங்கள், கொழும்பு ஹோட்டல்கள். 260க்கும் மேற்பட்ட உயிர்கள். செய்தவர்கள் எங்கள் பெயர்களைக் கொண்டவர்கள். அன்றைக்கு நாங்கள் நால்வரும் ஒருவருக்கொருவர் தொலைபேசியில் பேசியது இரண்டே வசனம். சிஸ்டருக்கு யார் எடுப்பது? எந்த முகத்தோடு எடுப்பது? இரவு அவரே எடுத்தார். அப்போது ஓய்வுபெற்று மடத்தில் இருந்தார். "பிள்ளைகள் பத்திரமா? வெளியே போகாதீங்க" என்று மட்டும் சொன்னார்.

அந்த நாட்களில் கத்தோலிக்கரைப் பார்த்து, முஸ்லிம்கள் மீது கை வைக்காதீர்கள் என்று மீண்டும் மீண்டும் கேட்டவர் கர்தினால் மல்கம் ரஞ்சித். 1995இல் காலியிலிருந்து பிரித்து இரத்தினபுரி மறைமாவட்டம் உருவாக்கப்பட்டபோது அதன் முதல் ஆயராக வந்தவர் அவர்தான். சப்ரகமுவவின் சந்து பொந்துகளில் யார் யாரோடு பக்கத்துப் பக்கத்தில் வாழ்கிறார்கள் என்பதை அறிந்தவர். நீர்கொழும்புப் பக்கமும் குருநாகல் பக்கமும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன என்பது உண்மை. அவருடைய குரல் இல்லாதிருந்தால் இன்னும் என்னவெல்லாம் நடந்திருக்கும் என்பதையும் நாங்கள் நினைத்துப் பார்க்கவேண்டும்.

மகன், நீ கேட்டதற்குப் பதில் இதுதான். அந்தப் பெயர் அங்கே இருப்பது, அதைக் கட்டியவர்களின் பெயர் என்பதனால். சட்டம் கட்டடத்தை எடுத்தது. நல்ல வேளை, பெயரை எடுக்கவில்லை. எங்களைப் போன்றவர்கள் உள்ளே வர அந்தச் சட்டம் வேண்டியிருந்தது. உள்ளே வந்த எங்களுக்குப் படிப்பிக்க, அந்தச் சட்டத்தால் இழந்தவர்களே மீண்டும் வரவேண்டியிருந்தது. கணக்கு எங்கள் பக்கம்தான் பாக்கி.

அந்தப் பாக்கியைத் தீர்க்க எங்களுக்குத் தெரிந்த ஒரே வழி, எங்கள் வகுப்பில் கடைசித் தவணைக்கு முன் பெயர் வெட்டப்படும் பிள்ளையின் வீட்டுக்கு ஒரு தடவையாவது நடந்து போவது. அது லயமோ, குடியேற்றத் திட்டத்துக் கிராமமோ, கடைத்தெருவோ எதுவாகவும் இருக்கட்டும். அன்றைக்கு நாங்கள் வாசலில் நின்று கையசைத்தோம். இன்றைக்கு எங்களுக்கு வயதும் இருக்கிறது, சம்பளமும் இருக்கிறது.

உங்கள் பாடசாலையிலும் அப்படி ஒரு பலகை இருக்கும். 1960க்கு மேலே இருக்கும் பெயர்களை ஒருமுறை வாசித்துப் பாருங்கள். முடிந்தால் பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

இந்த வருடம் உயர்தரம் எழுதும் எல்லாப் பிள்ளைகளுக்கும் எங்கள் துஆக்கள்.